துயிலும் பொழுதும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாலையோரங்களில் குடை விரித்தாற்போல் நிழல் பரப்பி நிற்கும் பெருமரம் ஒன்று உண்டு. மாலை சாயும்போது அதன் இலைகள் இணையிணையாக மடிந்து கூம்பிவிடும். காலையில் மீண்டும் விரியும். தமிழர் அதற்குத் 'தூங்குமூஞ்சி மரம்' என்று பெயர் வைத்தனர். மலாய் மக்கள் அதனைப் 'புக்குல் லீமா' என்பர். 'ஐந்து மணி' என்பது அதன் பொருள். அமெரிக்காவின் வெப்ப மண்டலத்துக்குரிய இம்மரம் 1876-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது.

வகுப்பறையில் கண்ணயரும் மாணவனுக்கும் இதே பெயர்தான் சூட்டப்படுகிறது. மரத்துக்கு அது பெயர். மாணவனுக்கு அது வசை. மரம் ஏன் உறங்குகிறது என்று எவரும் அதனைக் கடிந்துகொள்வதில்லை. மாணவன் ஏன் உறங்குகிறான் என்பதோ ஆராயப்படுவதற்கு முன்பே, 'சோம்பேறி' என்ற தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. அத்தீர்ப்பு எந்த அளவுக்கு முறையானது? நல்ல உறக்கம் என்பது யாது? அதனைப் பெறும் வழி யாது? கற்பிப்போரும் பிள்ளைகளைப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இவை.

மடியும் துயிலும்

உறக்கத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. துயில், துஞ்சல், உறக்கம், கண்படை, கண்வளர்தல் என்பன அவற்றுட் சில. இன்று பெருவழக்காக உள்ள 'தூக்கம்' என்பதற்கு அடிப்படையான 'தூங்கு' என்னும் சொல், முற்காலத்தில் தொங்குதல், அசைதல், காலந்தாழ்த்தல் முதலிய பொருள்களில் வழங்கியது. கூட்டைத் தொங்கவிடும் தூக்கணங்குருவியின் பெயரில் அப்பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் வரும் 'தூங்குதல்' உறங்குதல் அன்று. காலந்தாழ்த்திச் செய்தலே ஆகும்.

மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலங்களாக நான்கினை எண்ணுகிறார். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், துயில் என்பன அவை. சோம்பலும் துயிலும் ஒன்றே என்றால் அவற்றை வேறு வேறாக எண்ண வேண்டியதில்லை. சோம்பல் மனத்தின் இயல்பு. உறக்கம் உடலின் தேவை. தேவைக்கு மேற்பட்ட உறக்கமே ஈண்டுக் கடியப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும். தேவையான உறக்கம் கிடைக்காதவனைச் சோம்பேறி என்பது, உண்ணாதவனைப் பெருந்தீனிக்காரன் என்பது போலாகும்.

அரசனைத் துயிலெழுப்பும் துயிலெடை நிலையையும், அவன் கண்துயிலக் கருதும் கண்படை நிலையையும் தொல்காப்பியம் புறத்திணையியலில் கூறுகிறது. எழுவதற்கு ஒரு பொழுது இருப்பது போலவே படுப்பதற்கும் ஒரு பொழுது உண்டு என்பதைப் பண்டைத் தமிழர் போற்றினர். இன்றைய உலகமோ துயிலெடையை மட்டும் கைக்கொண்டு, கண்படையை மறந்துவிட்டது.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

1729-ஆம் ஆண்டில் டி மேரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் எளியதொரு சோதனை செய்தார். பகலில் இலை விரித்து இரவில் மூடும் செடி ஒன்றை இருளில் வைத்தார். அது தொட்டாற்சுருங்கி இனத்தைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. கதிரவன் ஒளி சிறிதும் படாத நிலையிலும் செடி பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. ஆகவே பொழுதை அறியும் ஆற்றல் செடியின் உள்ளேயே இருக்கிறது என்பது புலனாயிற்று.

மனிதனுக்கும் இத்தகைய ஆற்றல் உண்டு. 1938-ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் நத்தேனியல் கிளைட்மன் என்பவர், தம் மாணவர் ஒருவருடன் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைக்குள் 32 நாள் தங்கினார். பகலொளி எட்டாத அவ்விடத்தில் 28 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டு வாழ இருவரும் முயன்றனர். இளைஞரான மாணவர் ஓரளவு அதற்கு இணங்கினார். கிளைட்மனின் உடல்வெப்பமோ 24 மணிக்கு ஒரு முறையே ஏறி இறங்கியது. விரும்பியவாறெல்லாம் நாளை நீட்டவும் குறுக்கவும் உடல் எளிதில் இடங்கொடுப்பதில்லை.

1999-இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு இக்கடிகாரத்தின் அளவைத் திட்டமாகக் கூறிற்று. மனிதனின் உள்நாள் ஏறத்தாழ 24 மணி 11 நிமிடம். நாள்தோறும் சில நிமிடம் பிந்தும் இக்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது ஒளியே. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதி ஒன்று உள்ளது. அதுவே உடலின் தலைமைக் கடிகாரம். கண்ணின் விழித்திரையில், பொருள்களைக் காண்பதற்கு உதவும் அணுக்களேயன்றி, ஒளியின் அளவை உணர்ந்து இத்தொகுதிக்கு அறிவிக்கும் தனி அணுக்களும் உண்டு என்பது 2002-ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. அவை நீல ஒளிக்கு மிகவும் எளிதில் உணர்ச்சி கொள்வன. உயிரணுவுக்குள் இக்கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இரு விசைகள்

உறக்கம் எப்போது வரும் என்பதை இரண்டு விசைகள் தீர்மானிக்கின்றன. இதனைச் சுவிட்சர்லாந்து நாட்டின் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் விளக்கினார். முதல் விசை உறக்கப் பசி. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட அது பெருகும். உறங்க உறங்கத் தணியும். மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்வது இப்பசிக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இரண்டாம் விசை மேலே கூறிய கடிகாரம். இருட்டியபின் அது மெலட்டோனின் என்னும் சுரப்பு நீரை விடுவித்து, இரவு வந்தது என்று உடலுக்கு அறிவிக்கும். உடலின் உள்வெப்பமும் குறையத் தொடங்கும். வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி முன்னதாகவே இச்சுரப்பு ஏறத் தொடங்குகிறது.

இவ்விரண்டும் ஒருசேரக் கூடும் பொழுதில் படுத்தால் உறக்கம் தானே வரும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் படுக்கை வெறும் பலகையாகும். பிற்பகலில் நெடுநேரம் உறங்கியவருக்கு இரவில் பசி இராது. நள்ளிரவு வரை பேரொளியில் இருந்தவருக்குக் கடிகாரம் இணங்காது. உறக்கம் வரவில்லை என்று வருந்துவோர் பலருடைய குறையை இவ்விரண்டில் ஒன்றில் காணலாம்.

அரைச் சாமச் சுழற்சி

உறக்கம் ஒரே சீராகச் செல்லும் மயக்கமன்று. 1953-ஆம் ஆண்டில் கிளைட்மனும் அவர் மாணவர் யூஜின் அசெரின்ஸ்கியும், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் பருவம் ஒன்று உண்டு எனக் கண்டு வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்பருவத்தில் தோன்றுகின்றன. முதலில் மெல்லுறக்கம், பின் ஆழுறக்கம், அதன்பின் கனவுறக்கம் என ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும்.

தமிழர் கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை கொண்டது ஒரு சாமம், அதாவது 3 மணி. ஆகவே உறக்கத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ அரைச் சாமம். ஓரிரவில் நான்கு அல்லது ஐந்து சுற்று நிகழும். முன்னிரவுச் சுற்றுகளில் ஆழுறக்கம் மிகுதி. விடியலை நெருங்கும் சுற்றுகளில் கனவுறக்கம் மிகுதி. ஆகையால் விடியலுக்கு முன் ஒரு மணி நேரத்தை இழப்பவர், உறக்கத்தின் எல்லாப் பகுதியிலும் சமமாக இழப்பதில்லை; கனவுறக்கத்தையே பெரிதும் இழக்கிறார்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சிறிது விழிப்புத் தட்டுவது இயல்பு. அதனை நோயென்று அஞ்சி, மணி பார்த்துக் கலங்குவோரே பின்னர் உறங்க இயலாமல் தவிக்கின்றனர்.

வளர்ந்தோருக்கு இரவில் 7 மணி நேரமேனும் உறக்கம் வேண்டும் என்றும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரமும் வேண்டும் என்றும் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் கூறுகிறது. தமிழ்ப் பள்ளிச் சிறுவனுக்குக் குறைந்த அளவே மூன்று சாமம் ஆகிறது.

முந்தி ஓடும் மணி

இந்நாட்டு மக்கள் அறிய வேண்டிய தனிச் செய்தி ஒன்று உண்டு. சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் கடிகாரம் கதிரவனை விட ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது.

நிலவுலகம் ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சிங்கப்பூர் ஏறத்தாழக் கிழக்கு 104 பாகையில் உள்ளது. அதன் இயல்பான நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி அளவே முந்தியது. 1905-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் அவ்வாறே 7 மணி என்று வகுக்கப்பட்டது. 1933-இல் அது 20 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. 1941-இல் ஏழரை மணி ஆயிற்று. 1942-இல் ஜப்பானியர் ஆட்சி வந்தபோது டோக்கியோ நேரமான 9 மணி திணிக்கப்பட்டது. 1945-இல் மீண்டும் ஏழரைக்குத் திரும்பியது. 1982-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் முதல், சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபடும் பொருட்டுத் தீபகற்ப மலேசியா 8 மணி நேரத்தை ஏற்றது. சிங்கப்பூரும் உடன் மாறியது.

இதன் பயன் யாது? சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் காலை 7 மணியை ஒட்டியே பொழுது விடிகிறது. கதிரவன் உச்சிக்கு வரும்போது மணி 1 ஆகிவிடுகிறது. மேற்கே உள்ள கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இன்னும் சற்றுத் தாமதம். பல பள்ளிகள் காலை 7.30 மணியளவில் தொடங்குகின்றன. அதற்காக 5.30 மணிக்கு எழும் சிறுவன், கதிரவன் கணக்கில் 4.30-க்கும் முன்னே எழுகிறான். அது வைகறையின் நடுப்பகுதி. இரவு 9 மணிக்கு 'உறங்கு' என்று தாய் சொல்லும்போது கதிரவன் கணக்கில் அது 8-ஐக்கூட எட்டாத மாலைப்பொழுது. 'ஐந்து மணி' மரம் தன் பொழுதை இக்கடிகாரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவில்லை. மனிதனின் உட்கடிகாரமும் ஒளியைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்வது. சுவரில் உள்ள கடிகாரத்தை அது பார்ப்பதில்லை.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் ஒரே நேர மண்டலத்தின் இரு விளிம்புகளில் வாழ்வோரை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. மாலைக் கதிரொளி ஒரு மணி நேரம் பிந்தி மறையும் பக்கத்தில் வாழ்வோர், சராசரியாக 19 நிமிடம் குறைவாக உறங்கினர் என்று அது காட்டிற்று. கதிரவன் பிந்திச் சாய்வதால் படுப்பது பிந்துகிறது. பள்ளியும் அலுவலகமும் தொடங்கும் நேரமோ பிந்துவதில்லை. இடையிலே குறைவது உறக்கமே.

படிப்பும் படுக்கையும்

இளம்பருவத்தினர்க்கு இத்துன்பம் இரட்டிப்பாகிறது. பூப்புப் பருவம் எய்தும்போது உட்கடிகாரம் இயல்பாகவே ஓரிரு மணி நேரம் பிந்துகிறது என்பதை அமெரிக்காவின் மேரி கார்ஸ்காடன் முதலியோர் நிறுவினர். பதினைந்து வயது மாணவன் முன்னிரவில் விழித்திருப்பதும் காலையில் எழ முடியாமல் தவிப்பதும் முற்றிலும் பிடிவாதமல்ல. வளர்ச்சியின் ஒரு கூறு. இதனைக் கருதியே, இடைநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் பரிந்துரைத்தது.

சிங்கப்பூரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தன் தொடக்க நேரத்தை 7.30 மணியிலிருந்து 8.15 மணிக்கு மாற்றியது. டியூக்-என்.யூ.எஸ். மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் மாணவியரின் உறக்கத்தை அளந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். நேரம் கிடைத்தால் பிள்ளைகள் அந்த அளவுக்குப் பிந்திப் படுப்பர் என்பதே பலர் கூறும் மறுப்பு. நிகழ்ந்தது வேறு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் 9 நிமிடமே பிந்திப் படுத்தனர். படுக்கையில் கழித்த நேரம் 23 நிமிடம், அதாவது ஏறத்தாழ ஒரு நாழிகை, கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழிந்த பின்னரும் உறக்கம் 10 நிமிடம் கூடுதலாகவே இருந்தது. பகலில் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலையும் மேம்பட்டது. பள்ளிநேர மாற்றம் உறக்கக் குறை முழுவதையும் போக்கிவிடாது. ஆயினும் அது வீண்போகவில்லை என்பது தெளிவு.

தேர்வுக் காலத்தில் விடிய விடியப் படிப்பதைப் பெருமையாகக் கருதும் பெற்றோர் உண்டு. அவர்கள் 1924-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், பொருளற்ற அசைகளை மாணவர் இருவருக்கு மனப்பாடமாக்கச் செய்தனர். எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தபோது மாணவர்க்குப் பாதிக்குமேல் நினைவிருந்தது. அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தபோது பத்தில் ஒரு பங்கே எஞ்சியது. சோதனைக்கு உட்பட்டோர் இருவரே எனினும், பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் பல, கற்றதை நிலைநிறுத்தும் பணியில் உறக்கத்துக்குப் பங்கு உண்டு என்பதை வலியுறுத்தின.

'பழகிவிட்டது, ஆறு மணி நேரம் போதும்' என்போரும் உளர். 2003-ஆம் ஆண்டில் வெளியான பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், நாள்தோறும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்க 14 நாள் விடப்பட்டவர்களின் கவனக்கூர்மை, ஒன்று முதல் இரண்டு இரவுகள் அறவே உறங்காதவர்களின் நிலைக்குத் தாழ்ந்தது. ஆனால் தங்கள் திறன் அவ்வளவு குறைந்துவிட்டது என்பதை அவர்கள் உணரவில்லை. உறக்கக் குறையின் பெருந்தீங்கு இதுவே. குறையை உணரும் அறிவையும் அது மழுக்கிவிடுகிறது. இந்நிலையில் வாகனம் ஓட்டுவோர் தமக்கும் பிறர்க்கும் கேடு தேடுகின்றனர்.

செய்யத்தக்கவை

மேற்கூறிய இரு விசைகளையும் மனத்திற்கொண்டால் செய்யத்தக்கவை தாமே விளங்கும்.

முதலாவது, எழும் நேரத்தை உறுதி செய்தல். படுக்கும் நேரத்தை விட எழும் நேரமே கடிகாரத்தை நிலைநிறுத்துவது. ஞாயிற்றுக்கிழமை 10 மணி வரை உறங்குபவருக்கு அன்றிரவு உறக்கம் பிந்தும். திங்கட்கிழமைக் காலை துன்பமாகும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபடாதிருத்தல் நன்று.

இரண்டாவது, காலையில் ஒளி, மாலையில் இருள். எழுந்தபின் சிறிது நேரமேனும் திறந்த வெளியில் நிற்பது கடிகாரத்தை முன்னே நகர்த்தும். முகில் மூடிய நாளிலும் வெளியொளி வீட்டு விளக்கைவிடப் பன்மடங்கு மிகுதி. படுப்பதற்கு ஒரு மணி முன்னதாகக் கூடத்து விளக்குகளைத் தணித்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடலாம். அதன் திரையொளி ஒரு புறமிருக்க, முடிவில்லாமல் வரும் செய்திகளும் படங்களும் மனத்தைத் துயில விடுவதில்லை.

மூன்றாவது, காப்பி, தேநீர் அளவு. இவற்றிலுள்ள காஃபீன் அடினோசின் அமரும் இடத்தைத் தான் பற்றிக்கொண்டு, உறக்கப் பசியை மறைத்துவிடுகிறது. பசி தீர்வதில்லை; தெரியாமற் போகிறது. உட்கொண்ட காஃபீனில் பாதி கழிய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். இது ஆளுக்கு ஆள் மாறும். மாலை 4 மணிக்கு ஆசிரியர் அறையில் அருந்திய காப்பியின் பாதி இரவு 9 மணிக்கும், கால் பங்கு பின்னிரவு 2 மணிக்கும் உடலில் இருக்கும். எளிதில் உறங்க இயலாதோர் நண்பகலுக்குப் பின் இவற்றைத் தவிர்ப்பது நலம்.

நான்காவது, வெப்பம் தணித்தல். உடலின் உள்வெப்பம் இறங்கும்போதுதான் உறக்கம் எளிதில் வரும். கைகால்களின் வழியே வெப்பம் வெளியேறுகிறது. புழுக்கம் மிகுந்த இந்நாடுகளில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. காற்றோட்டமும் விசிறியும் பருத்தி விரிப்பும் ஆடம்பரமல்ல, தேவை. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி முன் வெந்நீரில் குளித்தால் விரைவில் உறக்கம் வருகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. வெந்நீர் தோலுக்குக் குருதியை அழைக்கிறது. அதனால் உள்வெப்பம் வெளியேறுகிறது. மாலையில் மேல் கழுவும் நம்மவர் வழக்கம் தூய்மைக்கு மட்டுமன்றித் துயிலுக்கும் துணையாகும்.

ஐந்தாவது, பகலுறக்கம். பிற்பகல் 3 மணிக்கு முன் 20 நிமிடக் கோழித்தூக்கம் களைப்பை நீக்கும். அதற்கு மிஞ்சினால் இரவின் பசியை அது தின்றுவிடும். மது உறக்கம் தருவதுபோல் தோன்றினும், பின்னிரவில் உறக்கத்தைத் துண்டு துண்டாக்கும். அதனை உறக்க மருந்தாகக் கொள்வது பிழை.

படுத்தும் உறக்கம் வராதபோது

உறக்கத்தைப் பிடித்து இழுக்க முயல்பவரிடம் அது வருவதில்லை. இந்நிலைக்கு உரிய முறை ஒன்றை ரிச்சர்டு பூட்சின் என்னும் உளநூல் அறிஞர் 1972-இல் வகுத்தார். படுக்கை உறங்குவதற்கே உரியது. அங்கே கணக்குப் பார்த்தல், விடைத்தாள் திருத்துதல், கைப்பேசி பார்த்தல் ஆகா. படுத்து ஏறத்தாழ 20 நிமிடம் ஆகியும் உறக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறிடம் செல்ல வேண்டும். மங்கிய ஒளியில் அமைதியான ஒன்றைச் செய்ய வேண்டும். கண் சொக்கும்போது மட்டும் மீள வேண்டும். மணி பார்த்தல் கூடாது. எத்தனை முறை எழுந்தாலும் காலையில் எழும் நேரம் மாறலாகாது. சில நாள் துன்பமாக இருக்கும். பின்னர், படுக்கை என்றால் விழிப்பு என்று பழகிய மனம், படுக்கை என்றால் உறக்கம் என்று மீண்டும் பழகும்.

நாளைய கவலைகள் இரவில் வந்து மொய்ப்பதும் உண்டு. அவற்றை முன்மாலையிலேயே ஒரு தாளில் எழுதி, செய்ய வேண்டியதையும் குறித்து மடித்து வைத்துவிடுவது பலருக்குப் பயன் தந்திருக்கிறது.

வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதத்துக்கு மேல், உறக்கமின்மை நீடித்தால் அது நாட்பட்ட நோயெனக் கொள்ளப்படும். அதற்கும் முதற்சிகிச்சை மாத்திரையன்று. எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் உளமருத்துவமே முதலில் தரத்தக்கது என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. உறக்க மாத்திரையைப் பிறர் சொற்கேட்டு உண்பதும், நெடுநாள் உண்டுவந்ததை மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்துவதும் தீங்கானவை.

குறட்டையையும் எளிதாக எண்ணலாகாது. உரத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திணறி விழித்தல், எட்டு மணி நேரம் உறங்கியும் பகலில் களைப்பு ஆகியவை இருப்பின், உறக்கத்தில் மூச்சுவழி அடைபடும் நோயாக இருக்கலாம். 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சலிவன் காற்றழுத்தக் கருவி கொண்டு இதனைப் போக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுவே முதன்மையான சிகிச்சை. இந்நோய் உடையவரைப் பெரும்பாலும் முதலில் அறிபவர் அருகில் படுத்திருப்பவரே. ஆகவே குறட்டையை எள்ளி நகையாடாமல் மருத்துவரிடம் அனுப்புவது இல்லத்தார் கடமை.

ஆசிரியர் கண்ணில் படுபவை

நாட்டின் நேரத்தைத் தனியொருவர் மாற்ற இயலாது. பள்ளி தொடங்கும் நேரத்தை ஓர் ஆசிரியர் தாமே திருத்த இயலாது. ஆயினும் அவர் கையில் உள்ளவை சில. இரவு 11 மணி வரை இழுக்கும் வீட்டுப்பாடத்தைக் குறைக்கலாம். நள்ளிரவில் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் குறுஞ்செய்தி அனுப்புவதைத் தவிர்க்கலாம். பாட வேளைகளை வகுக்கும் பொறுப்பு உடையோர், கடினமான கணக்கையும் இலக்கணத்தையும் முதல் வேளையிலேயே வைக்காமல் சற்றுப் பின்னே வைக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும்போது, 'எத்தனை மணிக்குப் படுக்கிறான்?' என்ற வினாவையும் சேர்த்துக் கேட்கலாம்.

அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை சிலபோது ஒரு குடும்பத்தின் நிலையையே காட்டிவிடும். இரவு வேலைக்குச் செல்லும் தந்தை, ஓரறையில் ஐவர் படுக்கும் வீடு, விடியுமுன் வந்து நிற்கும் பள்ளிப் பேருந்து, நள்ளிரவில் ஒளிரும் கைப்பேசி என்று காரணங்கள் பலவாகும். அவற்றுட் சிலவற்றைத் திருத்த இயலும். சிலவற்றை அறிந்து இரங்க மட்டுமே இயலும். எதுவாயினும், காரணம் அறிந்தபின் 'தூங்குமூஞ்சி' என்ற சொல் ஆசிரியர் நாவில் அவ்வளவு எளிதில் வாராது.

மாலையில் இலை கூம்பும் மரம் மறுநாள் காலையில் பசுமையோடு விரிகிறது. இரவில் உரிய பொழுதில் கண்வளரும் பிள்ளையும் அவ்வாறே மலர்ந்த முகத்தோடு வகுப்புக்கு வரும். துயிலெடை பாடுவதற்கு முன் கண்படைக்கு இடந்தருவது பெரியோர் கடன்.